அனலாக் பக்திக்கு ஒரு மறுப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பகல் ஷிப்ட் முடித்துவிட்டு இரவில் கிடார் தூக்குகிற இளைஞர்களும், திருவள்ளூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் ஆடித் திருவிழாவுக்கும் ஆயுத பூஜைக்கும் மேடை ஏறுகிற மெல்லிசைக் குழுக்காரர்களும் எத்தனையோ விஷயங்களில் முட்டிக்கொள்வார்கள். எந்தப் பாட்டை முதலில் எடுப்பது, யார் மைக்கில் சத்தம் குறைவு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். வாசித்ததைச் சற்றுத் தாமதித்து எக்கோவாகத் திருப்பித் தரும் டிலே பெடல் விஷயத்தில் மட்டும் அபார ஒற்றுமை. “அனலாக்தாண்ணே. டிஜிட்டல்ல உயிர் இல்ல, செத்த சத்தம்.” இதை வேதவாக்காகவே வைத்திருக்கிறார்கள். இதை நம்பி, ஒப்பந்தத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் விலையில் வெளிநாட்டுப் பெடலைக் கடனுக்கு வாங்குகிறவர்களும் உண்டு.

இந்த வேதவாக்கு தவறு என்பதே என் வாதம். அனலாக் டிலேயின் ஓசை ஒருவருக்குப் பிடித்திருந்தால் அது அவர் ருசி. அதில் தலையிட எனக்கு வேலையில்லை. ஆனால் அந்த ருசிக்கு அடுக்கப்படும் காரணங்களைச் சும்மா விட முடியாது. அனலாக் ஒலியை வெட்டாது என்கிறார்கள். பழைய பாட்டின் இனிமையே அதில்தான் இருந்தது என்கிறார்கள். காது பொய் சொல்லாது என்கிறார்கள். மேடைக்கு அதுதான் தாங்கும் என்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்து உரசினால் ஒன்றும் தேறாது.

வெட்டுவது யார்?

எல்லாவற்றுக்கும் வேர் முதல் நம்பிக்கை. டிஜிட்டல் பெடல் ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கி, எண்ணாக மாற்றி, பிறகு ஒட்டுகிறது. அனலாக் பெடல் ஒலியை முழுசாக அப்படியே தாமதப்படுத்துகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பெடலைத் திறந்து பார்த்தால் கதை வேறு.

இன்று அனலாக் டிலே என்று கடையில் விற்கப்படுவதன் இதயம் பக்கெட் பிரிகேட் என்னும் வகை ஐசி. 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் வெளியிட்ட யோசனை இது. தீயணைக்க வரிசையாக நிற்பவர்கள் தண்ணீர் வாளியைக் கைமாற்றுவது போல, வரிசையாக உள்ள ஆயிரக்கணக்கான நுண்ணிய மின்தேக்கிகள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மின்னூட்டத்தைக் கைமாற்றுகின்றன. கைமாற்றச் சொல்லித் தாளம் போடுவதற்கு உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு இருக்கிறது. துடிப்பு வேகமானால் தாமதம் குறையும். மெதுவானால் தாமதம் கூடும்.

வாளிதான் இங்கே விஷயம். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் கணத்து மின்னழுத்தம் ஒரு வாளியில் பிடிக்கப்படுகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் கிடாரின் ஒலி என்ன செய்தது என்பது எந்த வாளியிலும் இல்லை. அதாவது அனலாக் பெடலும் ஒலியைக் காலத்தில் நறுக்கத்தான் செய்கிறது. மரியாதையோடு பேசப்படும் எம்என்3005 ஐசியை எடுத்துக்கொள்வோம். அதில் 4,096 படிகள். ஒரு வாளி நிறைந்திருந்தால் அடுத்தது காலியாக இருந்தால்தான் கைமாற்ற முடியும் என்பதால், ஒரு நேரத்தில் 2,048 துண்டுகளைத்தான் அது வைத்திருக்க முடியும். 300 மில்லி விநாடி தாமதம் வேண்டுமென்றால் அந்த 2,048 துண்டுகளையும் 300 மில்லி விநாடிக்குப் பரப்ப வேண்டும். கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 6,800 துண்டு. சாதாரண சிடி விநாடிக்கு 44,100 துண்டு எடுக்கிறது. முரட்டுத்தனமாக நறுக்குவது எது என்று இப்போது சொல்லுங்கள்.

ஒரு வித்தியாசம் உண்மை. அதை மறைக்கக் கூடாது. டிஜிட்டலில் துண்டின் உயரம் எண்ணாகிறது. பக்கெட் பிரிகேடில் அது மின்னூட்டமாகவே இருக்கிறது. ஆனால் 16 பிட் என்றால் 65,536 படிநிலை. அந்தப் படிகளுக்கு இடையிலான பிழை, ஜெனரேட்டர் உறுமுகிற ஒரு திருவிழா மேடையில் எந்தக் காதுக்கும் எட்டாது. மறுபக்கம், எண்ணாகாத அந்தப் புனித மின்னூட்டம் 4,096 கை மாறுகிறது. கைமாறும்போதெல்லாம் கொஞ்சம் கசிகிறது, கொஞ்சம் இரைச்சல் சேர்கிறது. அந்த இரைச்சலை அடக்கத்தான் பெரும்பாலான அனலாக் டிலேக்களில் உள்ளே போகும்போது ஒலியை அமுக்கி, வெளியே வரும்போது விரிக்கும் தனிச் சுற்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். முழுசாக அப்படியே வருகிறது என்று சொல்லப்படும் ஒலி நறுக்கப்பட்டு, அமுக்கப்பட்டு, விரிக்கப்பட்டுத்தான் வருகிறது.

இன்னொரு தவறான சித்திரமும் உலவுகிறது. டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி முண்டும் முடிச்சுமாக ஸ்பீக்கருக்குப் போகிறது என்று வரைந்து காட்டுவார்கள். எண்ணை மறுபடி மின்னழுத்தமாக்கும் சுற்றுக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதைத் தாண்டி வருவது வழவழப்பான அலைதான். பல டிஜிட்டல் டிலேக்களில் உங்கள் கிடாரின் நேரடி ஒலி எண்ணாக மாறுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1983இல் பாஸ் நிறுவனம் வெளியிட்ட டிடி-2 பெடல், அதற்குப் பின் வந்த டிடி-3 ஆகியவற்றில் நேரடி ஒலி அனலாக் வழியிலேயே போய் எக்கோவுடன் கலக்கிறது. டிஜிட்டல் போட்டதும் என் டோனே செத்துவிட்டது என்கிறவர், அந்த டோன் எண்ணைத் தொட்டதே இல்லை என்று தெரியாமல் பேசுகிறார்.

‘வார்ம்’ என்பதற்குப் பெயர் உண்டு

அப்படியானால் அனலாக்கில் கேட்கும் அந்த வெதுவெதுப்பு பிரமையா? இல்லை. அது இருக்கிறது, அளக்கவும் முடியும். ஆனால் அதன் காரணம் பக்தர்கள் சொல்வது அல்ல.

விநாடிக்கு 6,800 துண்டு எடுத்தால், அதில் பாதிக்கு, அதாவது 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதையும் அந்த ஐசியால் சரியாகத் திருப்பித் தர முடியாது. மேலே உள்ளதை உள்ளே விட்டால் அது வேறு சுரமாகத் திரிந்து வெளியே வந்து இம்சை செய்யும். ஆகவே ஐசிக்கு முன்னும் பின்னும் ஃபில்டர் வைத்து மேல் பகுதியை வெட்டி எறிகிறார்கள். பழைய லேண்ட்லைன் தொலைபேசி கடத்தியதும் சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். நீளமான தாமதத்தில் அந்தப் பிரசித்தி பெற்ற வெதுவெதுப்பு, தொலைபேசியின் அலைவரிசை அளவுக்குள் ஒலியை அடைத்ததன் விளைவு. அடுத்த எக்கோ அதே வழியாக இன்னொரு முறை போகிறது, இன்னும் மங்குகிறது. மூன்றாவது இன்னும் மங்குகிறது. வடிவமைத்த பொறியாளர்கள் அழகுக்காக இதைச் செய்யவில்லை. ஐசியின் குறையை மூட வேறு வழியில்லாமல் செய்தார்கள்.

அந்த மங்கல் மேடையில் உதவுகிறது என்பது வேறு விஷயம். அதற்கும் தெளிவான காரணம் இருக்கிறது. பாடகரின் சொல் புரிவதற்கு ‘ச’, ‘ஸ’, ‘ட’ போன்ற மெய்களின் கூர்மை வேண்டும். அந்தக் கூர்மை பெரும்பாலும் மேல் அலைவரிசையில் இருக்கிறது. எக்கோவும் அதே கூர்மையோடு திரும்பி வந்தால் அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்காரும், வரி புரியாது. எக்கோ மங்கலாக இருந்தால் பாட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். கிடாரிலும் அப்படியே: அடுத்த மீட்டலின் முனையை மறைக்காது. 1980களில் வந்த டிஜிட்டல் டிலேக்கள் துல்லியத்தையே பெருமையாகப் பேசின. வாசித்ததை அப்படியே பளிச்சென்று திருப்பிக் கொடுத்தன. வாசிப்பும் எக்கோவும் முட்டிக்கொண்டன. ‘செத்த சத்தம்’ என்ற பழி அங்கே பிறந்தது. குற்றம் எண்ணில் இல்லை. பளிச்சென்ற எக்கோவை எங்கே வைப்பது என்று தெரியாததில் இருந்தது.

இன்றைய டிஜிட்டல் டிலே அநேகமாக எல்லாவற்றிலும் எக்கோவின் மேல் பகுதியை வெட்டும் திருகோ அனலாக் வகை என்ற நிலையோ உண்டு. 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, அதை ஒவ்வொரு எக்கோவிலும் திரும்பச் செய்யச் சொல்லி, கடிகாரத்தில் சிறிது தள்ளாட்டம் சேர்த்தால் முடிந்தது. “அது போலிண்ணே” என்பார்கள். எது போலி? ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது, காற்று அசைகிறது. இரண்டு பெடலும் ஒரே அசைவைக் கொடுத்தால் ஒன்றை அசல் என்றும் மற்றதைப் போலி என்றும் பிரிக்கக் காதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அதற்குப் பிறகு பிரிப்பது பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கிற கண்தான்.

பழைய பாட்டைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

அடுத்த வாதம் உணர்ச்சியைத் தொடுகிறது. எம்.எஸ். விசுவநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த காலத்துப் பாட்டில் குரலுக்குப் பின்னால் மிதக்கிறதே ஓர் எக்கோ, அது அனலாக் இல்லாமல் வேறென்ன என்று கேட்கிறார்கள்.

அனலாக்தான். ஆனால் நீங்கள் வாங்கும் அனலாக் அது அல்ல. அந்த இரட்டையர் பிரிந்தது 1965இல். பக்கெட் பிரிகேட் ஐசி யோசனையாக வெளிவந்ததே 1969இல். அதைக் கொண்டு செய்த டிலே பெடல்கள் 1970களின் பிற்பாதியில்தான் சந்தைக்கு வந்தன. பலரும் கோவில் விக்கிரகம் போலப் பார்க்கும் பாஸ் டிஎம்-2 வந்தது 1981இல். அந்தப் பாடல்கள் பதிவான காலத்தில் உலகின் எந்த ஸ்டுடியோவிலும் எக்கோ காந்த நாடாவிலிருந்து வந்திருக்கலாம். எதிரொலிக்கும் அறையிலிருந்தோ, அதிரும் உலோகத் தகட்டிலிருந்தோ வந்திருக்கலாம். பக்கெட் பிரிகேடிலிருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லை.

நாடா எக்கோவின் வேலை முற்றிலும் வேறு. ஒரு தலை பதிவு செய்கிறது. சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு தலை அதைப் படிக்கிறது. விநாடிக்கு 7.5 அங்குலம் ஓடும் நாடாவில் தலைகளுக்கு இடையே 2 அங்குலம் என்றால் தாமதம் சுமார் 267 மில்லி விநாடி. அங்கே கடிகாரத் துடிப்பு கிடையாது, வாளி கிடையாது, காலத்தை நறுக்குவது கிடையாது. மோட்டாரின் தள்ளாட்டமும் காந்தப் பூச்சின் நிறைவெல்லையும் சேர்ந்து அதற்கென்று ஒரு குணம் உண்டு. 1974இல் வந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ ஆர்இ-201 அந்த வம்சத்தின் புகழ்பெற்ற வாரிசு. மூன்று வாசிப்புத் தலைகள், ஓயாமல் சுற்றும் ஒரு நாடா வளையம். இதன் புகழை எடுத்து, வேறு தொழில்நுட்பத்தில் செய்த ஒரு பெடலின் தலையில் கட்டுவது வணிகத் தந்திரம். இரண்டையும் அனலாக் என்ற ஒரே கூடையில் போட்டதால் வந்த குழப்பம் இது. ‘நாடா எக்கோ மாதிரி’ ஒலிக்க வேண்டுமென்றால், நாடாவின் தள்ளாட்டத்தையும் நிறைவெல்லையையும் கணக்கிட்டு ஒலிக்கும் டிஜிட்டல் டிலேதான் பக்கெட் பிரிகேடைவிட அதற்கு நெருங்கிய உறவு.

உயிர் பற்றிய பேச்சுக்கும் நம் பாட்டே பதில். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டுடியோவில் டிஜிட்டல் சின்தசைஸர்களையும் சாம்பிளர்களையும் வைத்து ஏ.ஆர். ரஹ்மான் செய்த வேலை. அதைக் கேட்டு அழுதவர்கள் யாரும் எண்ணால் வந்த சத்தம் என்று கண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே பார்த்தாலும் இதுவே. டிலேயை வைத்தே ஒரு தனிப் பாணி படைத்த யூ2 குழுவின் கிடார் கலைஞர் எட்ஜ், மெமரி மேன் என்னும் அனலாக் பெடலில் தொடங்கி, கோர்க் எஸ்டிடி-3000 என்னும் டிஜிட்டல் டிலேயைத் தன் ஒலியின் மையமாக்கிக்கொண்டார். எந்தப் பாட்டில் எது என்று பெட்டியைப் பார்க்காமல் சொல்லச் சொன்னால் நம் பக்தர்கள் திணறிப்போவார்கள்.

மைக் செட்டுக்குள் ஒளிந்திருக்கும் டிஜிட்டல்

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வெளிநாட்டில் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் புறநகர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி அங்கே போய் “எக்கோ போர்டு” என்று கேளுங்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் போர்டை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பதினாறு கால்களோடு உட்கார்ந்திருக்கும் ஐசியின் மேல் பிடி2399 என்று இருக்கும். தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனம் வடிவமைத்தது. கேரியோக்கிப் பெட்டியிலும், மலிவான மிக்ஸரிலும், மைக் செட் ஆம்ப்ளிஃபயரிலும் பரவலாக இருப்பது இதுவே. ‘அலோ, அலோ, மைக் டெஸ்டிங்’ என்று ஊரே கேட்டு வளர்ந்த அந்த மங்கலான, லேசாகக் கரகரக்கும், பாசத்தோடு நினைக்கப்படும் எக்கோவில் கணிசமான பங்கு இந்த ஐசியின் கைவண்ணம்.

பிடி2399 முழுக்க டிஜிட்டல். உள்ளே வரும் ஒலியை ஒரு பிட் ஓடையாக மாற்றி, 44 கிலோபிட் நினைவகத்தில் வைத்து, மறுபடி ஒலியாக்குகிறது. ஆறாவது காலில் உள்ள மின்தடையை மாற்றினால் கடிகாரத்தின் வேகம் மாறும். சுமார் 340 மில்லி விநாடி வரை சுத்தமாக இழுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் இரைச்சலும் சிதைவும் ஏறும். பக்கெட் பிரிகேடில் கேட்கும் அதே மங்கல், அதே கரகரப்பு. காரணமும் அதே: போதாத வேகத்தில் நறுக்குதல், அதை மூட ஃபில்டர்.

இதில் ஒரு வேடிக்கை. வெளிநாட்டில் கைவினைப் பெடல் செய்கிறவர்கள் பலர் இதே ஐசியைச் சுற்றித் தங்கள் டிலேயைக் கட்டுகிறார்கள். ‘அனலாக் வெதுவெதுப்பு’ என்ற விளம்பரத்தோடு அது கடல் தாண்டி வருகிறது. மைக் செட் ஆம்ப்ளிஃபயருக்குள் சில்லறைக் காசுக்கு இருந்த சங்கதி ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு நம்மிடமே திரும்புகிறது. வாங்கியவர் மேடையில் மிதித்துவிட்டு, “கேட்டீங்களா, இதான் அனலாக்” என்கிறார். அவர் காதில் தவறில்லை. அவர் கேட்டது இனிமையான எக்கோதான். அவர் சொன்ன காரணம்தான் தவறு. காது பொய் சொல்லாது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்காது. காது இனிமையைச் சொன்னது; ‘அனலாக்’ என்பதை விளம்பரம் சொன்னது.

நம் மேடைக்கு எது?

தத்துவத்தை விட்டு மேடைக்கு வருவோம். டிலே தாளத்தோடு ஒட்ட வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டு 500 மில்லி விநாடி. சதுச்ர நடையில் அதை நான்கு மாத்திரையாகப் பிரித்தால் ஒன்று 125. கிடாரில் முதல் மாத்திரையிலும் மூன்றாவதிலும் மட்டும் மீட்டி, எக்கோவை மூன்று மாத்திரை தள்ளி, அதாவது 375 மில்லி விநாடியில் வையுங்கள். எக்கோக்கள் நான்காவதிலும் அடுத்த தட்டின் இரண்டாவதிலும் சரியாக விழும். மீட்டுவது இரண்டு; கேட்பது நான்கு. எட்ஜ் உலகப் புகழ் பெற்றது இந்தக் கணக்கால். மிருதங்கக்காரருக்கு இது விளக்கவே வேண்டாத விஷயம்.

டிஎம்-2வின் எல்லை 300 மில்லி விநாடி. மூன்று மாத்திரை 300 மில்லி விநாடிக்குள் அடங்க வேண்டுமென்றால் பாட்டு நிமிடத்துக்கு 150 தட்டாவது ஓட வேண்டும். அதற்குக் குறைந்த வேகத்தில் இந்தக் கணக்கு அங்கே நடக்காது. 2014இல் மறுபடி வெளியான டிஎம்-2 800 மில்லி விநாடி வரை போகிறது என்பது உண்மை. 1983இல் வந்த டிடி-2 முதல் நாளிலேயே அந்த 800ஐக் கொடுத்துவிட்டது என்பதும் உண்மை. டிரம்மர் உற்சாகத்தில் வேகத்தை ஏற்றினால் காலால் தட்டித் தாளத்தைப் புதுப்பிக்கும் வசதி டிஜிட்டலில் சாதாரணம். அந்த வசதி உள்ள அனலாக் பெடல்களிலும் தட்டைக் கணக்கிட்டுக் கடிகாரத்தை ஓட்டுவது ஒரு டிஜிட்டல் சில்லுதான்.

திருவிழா மேடைக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. பெரியபாளையத்தில் ஆடி மாதம், திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் கூட்டம் மேடைக்கு முன்னால் மட்டுமா நிற்கிறது? தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கரும் பாக்ஸும் கட்டுவார்கள். நம் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளிக் கட்டிய ஸ்பீக்கரில் சத்தம் கம்பி வழியாக உடனே வந்துவிடும்; மேடைச் சத்தம் காற்று வழியாக 0.29 விநாடி கழித்து வரும். அங்கே நிற்பவருக்கு எல்லாப் பாட்டும் இரண்டு முறை கேட்கும். பாடகர் எக்கோவே வைக்காவிட்டாலும் ஊர் எக்கோ வைக்கும். இதற்கு மருந்து, தூரத்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைத் தூரத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்துவது: 40 மீட்டருக்குச் சுமார் 114 மில்லி விநாடி, அதற்கு மேல் பத்துப் பதினைந்து மில்லி விநாடி கூட்டிக்கொண்டால் சத்தம் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து எழுதிய காதின் இயல்பு இது. முழுப் பாட்டையும் மங்காமல் தாமதப்படுத்த டிஜிட்டலால் முடியும். நீளமான தாமதத்தில் 3,400 ஹெர்ட்ஸிலேயே மூச்சு முட்டும் பெடலிடம் இந்த வேலையைக் கொடுக்க எந்த அனலாக் பக்தரும் துணிய மாட்டார்.

தாங்கும் திறன் பற்றிய பேச்சும் தலைகீழ். பக்கெட் பிரிகேடை ஓட்டும் கடிகாரம் பொதுவாக மின்தடையும் மின்தேக்கியும் தீர்மானிக்கும் துடிப்பு. வெயில் ஏறினால் அது நகரலாம். டிஜிட்டலில் பெரும்பாலும் படிகக் கடிகாரம். சித்திரை வெயிலிலும் 375 என்றால் 375தான். இண்டக்ஷன் ஃபர்னஸும் ரோலிங் மில்லும் நிறைந்த கும்மிடிப்பூண்டிப் பகுதியில் வோல்டேஜ் ஏறி இறங்குவதும், அது போதாதென்று கம்பெனி வளாகத்தில் ஜெனரேட்டரில் கச்சேரி நடப்பதும் வழக்கம். மோசமான அடாப்டர் இருந்தால் இரண்டு வகைப் பெடலும் கத்தும். டிஜிட்டல் பெடலின் கடிகாரக் கீச்சு ஒரே அடாப்டரில் உள்ள மற்ற பெடலுக்குள் புகும் என்பது நியாயமான புகார். அதே அடாப்டரில் இரண்டு பக்கெட் பிரிகேட் பெடல் போட்டாலும் இரண்டு கடிகாரமும் மோதிக் கீச்சிடும். இரண்டுக்கும் தீர்வு தனித்தனி வழி உள்ள பவர் சப்ளை.

அனலாக்குக்கு உரியது

எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். எக்கோ ஓடிக்கொண்டிருக்கும்போதே தாமதத் திருகைத் திருப்பினால் சுருதி சரிந்து, ஊளையிட்டு ஏறுகிற அந்த விளையாட்டு அனலாக்கில் இயல்பாக வரும். மாறாத கடிகாரத்தில் ஓடும் டிஜிட்டலில் யாராவது அதற்கென்று எழுதியிருந்தால்தான் வரும். மூன்றே திருகுகள் என்பதால் இருட்டு மேடையில் கையால் தடவியே வைத்துவிடலாம். சில டிஜிட்டல் பெடல்களில் ஒரு மாற்றத்துக்கு நான்கு திரை புரட்ட வேண்டும். பேட்டரியை அனலாக் மெதுவாகத் தின்னும். பழைய அனலாக் பெடலின் பாகங்கள் பெரியவை. பற்றவைக்கத் தெரிந்தவர் பழுது பார்த்துவிடலாம். டிஜிட்டல் போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் போனது பக்கெட் பிரிகேட் ஐசியாக இருந்தால் பழைய ஜப்பானிய எம்என்3005 உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது; அதன் பெயரை அச்சடித்த போலிகள் சந்தையில் சுற்றுகின்றன.

இவை எல்லாம் கையாளும் வசதி பற்றியவை. ஒரு கலைஞர் இவற்றுக்காக அனலாக் வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் என்ன வாங்குகிறார் என்று தெரிந்து வாங்குகிறார். என் சண்டை ‘உயிர்’ என்று சொல்லி விற்கிறவரோடும், அதைத் திருப்பிச் சொல்லித் தம்பிமாரைக் கடனாளியாக்குகிற அண்ணன்மாரோடும்.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். சிப்காட்டில் வேலை செய்கிறவருக்கு இந்த முறை புதிதல்ல. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த உருப்படியையும் அவர் பாஸ் பண்ண மாட்டார். ஓர் அனலாக் டிலே, ஃபில்டர் உள்ள ஒரு டிஜிட்டல் டிலே. இரண்டிலும் தாமதம், எக்கோ எண்ணிக்கை, எக்கோ அளவு ஆகியவற்றைச் சமமாக வையுங்கள். டிஜிட்டலின் மேல் பகுதியை அனலாக்கின் அளவுக்கு வெட்டுங்கள். சத்தத்தைச் சமப்படுத்த மறக்காதீர்கள்; கொஞ்சம் சத்தமாக இருப்பதை நல்லதாக நினைப்பது காதின் பழைய பலவீனம். பெடலைத் துணியால் மூடி, நண்பர் ஒருவர் நாணயம் சுண்டிப் பத்து முறை மாற்றட்டும். பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்கு இல்லை. வெறும் ஊகத்தில் அப்படி வர நூற்றுக்கு ஒரு வாய்ப்புதான். சொல்லிவிட்டால் தாராளமாக அனலாக் வாங்குங்கள். ஐந்தாறில் நின்றுவிட்டால் கடனை விடுங்கள்.

டிஜிட்டல் வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே மிதித்தால் பழியை நீங்களே நிரூபித்தவர்கள் ஆவீர்கள். எக்கோவின் மேல் பகுதியை 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டுங்கள். கீழே 150, 200 ஹெர்ட்ஸுக்குக் குறைந்ததையும் வெட்டுங்கள். நம் மேடை பாக்ஸ்களில் அது வெறும் உறுமல். எக்கோ இரண்டு, மூன்று போதும். எக்கோ தனியாகக் கேட்கிறது என்று தெரிந்த கணத்தில் அளவை ஒரு படி இறக்குங்கள். தாமதத்தைப் பாட்டின் மாத்திரையில் வையுங்கள். இந்த ஐந்தையும் செய்த டிஜிட்டல் டிலே, இதில் ஒன்றையும் செய்யாத எந்த அனலாக் டிலேயையும் மேடையில் வீழ்த்தும்.

நல்ல எக்கோ வைக்கத் தெரிந்தவர் கையில் இரண்டும் நன்றாகத்தான் ஒலிக்கும். ஆகவே அடுத்த முறை கடையில் யாராவது ‘உயிர்’ என்ற சொல்லுக்கு விலை சொன்னால், எத்தனை ஹெர்ட்ஸில் வெட்டுகிறது, எத்தனை மில்லி விநாடி தருகிறது, கெட்டால் ஐசி எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் செகண்ட் ஹேண்டில் ஒரு நல்ல டிஜிட்டல் டிலேயை வாங்கி, மீந்த பணத்தில் நல்ல பவர் சப்ளையும் இரண்டு செட் கிடார் கம்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் டோனுக்கு அந்தக் கம்பி செய்கிற நன்மையில் பாதியைக்கூட ‘அனலாக்’ என்ற சொல் செய்யாது.